சிறுசேரில ஒருத்தருக்கு வேலை, கிண்டில ஒருத்தருக்கு வேலை: திருச்சில இருந்து வந்த ஒரு குடும்பம் சென்னைல ஏரியா முடிவு பண்ண விதம் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

2024 ஏப்ரல்ல ஆரம்பிச்ச விஷயம் இது. திருச்சில ஒரு குடும்பம், மொத்தம் நாலு பேர். மனைவி ஐடில இருக்காங்க, கோவிட் சமயத்துல இருந்து திருச்சி வீட்டுல உக்காந்தே வேலை பாத்துட்டு இருந்தவங்க, அந்த வருஷம் கம்பெனி "வாரத்துக்கு மூணு நாள் ஆபீஸ் வந்தே ஆகணும்"னு மெயில் போட்டுட்டாங்க, ஆபீஸ் சிறுசேரி சிப்காட் ஐடி பார்க்ல. கணவர் துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்ல குவாலிட்டி பாத்துட்டு இருந்தார், அவரும் தேடித் தேடி கிண்டி எஸ்டேட்ல ஒரு வேலைய புடிச்சார். பையன் ஒண்ணாங் கிளாஸ் போகணும். கணவரோட அம்மாவுக்கு அறுபத்தாறு வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, மாடிப்படி ஏறுறது ஆகாது.

கணவரும் நானும் முன்னாடி ஒரே ரூம்ல இருந்தவங்க, நான் தாம்பரம் பக்கமே ரொம்ப வருஷமா இருக்கேன், அதனால வீடு பாக்கப் போனப்போ பெரும்பாலும் கூடவே போனேன். எனக்கு தாம்பரம் பக்கம் ஒரு சாய்வு இருக்கும்னு நீங்க நினைச்சா தப்பில்ல, அதை மனசுல வச்சுட்டே படிங்க.

பட்ஜெட் வாடகை மெயின்டனன்ஸ் எல்லாம் சேத்து 22,000 தாண்டக் கூடாதுன்னு வச்சிருந்தாங்க. ரெண்டு பெட்ரூம். கார் கிடையாது, ஒரு பைக் மட்டும்.

முதல்ல இருந்த கணக்கு

ஆளாளுக்கு ஒரு ஏரியா மனசுல இருந்துச்சு. மனைவிக்கு நாவலூர், ஏன்னா ஆபீஸ்ல இருந்து நாலஞ்சு கிலோமீட்டர்தான், கூட வேலை பாக்கறவங்க நெறைய பேர் அங்கதான் இருக்காங்க. கணவருக்கு வேளச்சேரி, கிண்டிக்கு பைக்ல இருபது நிமிஷம், பறக்கும் ரயில் இருக்கு, ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு, சிறுசேரி அந்தப் பக்கம்தான்) போக பஸ்ஸும் இருக்கு, ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குற மாதிரி மேப்ல தெரியும். அம்மா ஏரியா பேரெல்லாம் சொல்லல, "ஊருக்குப் போற ரயில் நிக்கிற எடமா இருந்தா போதும் தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க, அப்போ அதை யாரும் பெருசா எடுத்துக்கல.

கணவர் எக்ஸெல்ல ஒரு ஷீட் போட்டிருந்தார். ஏரியா, வாடகை, ரெண்டு ஆபீஸுக்கும் கிலோமீட்டர். அதுல ஜெயிச்சது வேளச்சேரி. ஆனா அந்த ஷீட்ல மழைக்குன்னு ஒரு வரிசை இல்ல, தண்ணிக்கு இல்ல, பையனுக்கும் அம்மாவுக்கும் கூட இல்ல, ரெண்டு ஆபீஸுக்கும் நடுவுல ஒரு புள்ளி வைக்கிற கணக்கு மட்டும்தான் இருந்துச்சு.

நேர்ல போய்ப் பாத்தது

நாவலூர்ல பாத்தது பெரிய அபார்ட்மென்ட், பதினாறு மாடியோ என்னவோ, லிஃப்ட் உண்டு, பசங்க விளையாட இடம் உண்டு. வாடகை 21,000, மெயின்டனன்ஸ் 4,500. பட்ஜெட் அங்கயே தாண்டிடுச்சு. நாவலூர் டோல் 2023 அக்டோபரோட நின்னு போச்சு, அதனால அந்த செலவு இல்லன்னு ப்ரோக்கர் ஒரு பெரிய சலுகை மாதிரி சொன்னார். தண்ணி முழுக்க லாரிதான். குழாய்ல வந்த தண்ணிய நாங்க கொண்டு போன சின்ன டிடிஎஸ் மீட்டர்ல (தண்ணில கரைஞ்சிருக்குற உப்போட அளவைக் காட்டுறது) பாத்தா 1,400க்கு மேல காட்டுச்சு. இந்திய தர நிர்ணயப்படி குடிக்கிற தண்ணில 500க்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 2,000 வரைக்கும் பொறுத்துக்கலாம், அவ்ளோதான். குடிக்கக் கேன் வாங்கிக்கலாம், ஆனா குளிக்கிறதும் துவைக்கிறதும் பாத்திரம் கழுவுறதும் அந்தத் தண்ணிலதானே.

அம்மாவுக்கு அங்க என்ன இருக்குன்னு யோசிச்சா ஒண்ணும் இல்ல. கேட்டைத் தாண்டினா ஓஎம்ஆர், அதுல சிறுசேரி வரைக்கும் போற மெட்ரோ லைன் வேலை நடக்குது, ரோட்டைப் பாதி அடைச்சு வச்சிருக்காங்க, முட்டி வலிக்காரங்க அந்த ரோட்டைத் தாண்டி கோயிலுக்கோ கடைக்கோ போறதுங்குறது நடக்காத காரியம். கணவருக்கு கிண்டி இருபது கிலோமீட்டருக்கு மேல, மொத்தமும் பைக்ல, அதுவும் அதே ஓஎம்ஆர்ல.

மேடவாக்கத்துல வாடகை நல்லா இருந்துச்சு, 16,500, வீடும் புதுசு. ஆனா ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல. கீழ்க்கட்டளைல இருந்து மேடவாக்கம் வரைக்கும், அங்க இருந்து பெரும்பாக்கம் வழியா சோழிங்கநல்லூர் வரைக்கும் மெட்ரோவோட இன்னொரு லைன் வருது, அந்த வேலையால ரோடு சுருங்கிப் போச்சு. 2022ல திறந்த மேம்பாலம் இருக்கறதால தாம்பரம் வேளச்சேரி ரோட்ல போறவங்களுக்குப் பரவாயில்ல, கீழ கூட்ரோடு பக்கம் போறவங்க பாடுதான். பள்ளிக்கரணைல ஒரு வீடு பாத்தோம், சாயங்காலம் காத்து திரும்பினதும் பெருங்குடி குப்பைக் கிடங்கு வாசனை வந்துச்சு, அம்மா கூட வந்திருந்தா வாசல்லயே திரும்பியிருப்பாங்க.

வேற ஒரு விஷயத்தையும் எழுதணும். போன் பண்ணின வீடுகள்ல பாதி வீடு பாக்கறதுக்கு முன்னாடியே கழிஞ்சு போச்சு. "நான் வெஜ் சமைப்பீங்களா"ன்னு நேராவே கேட்டவங்க இருக்காங்க. "சொந்த ஊர்ல எந்தத் தெரு, என்ன ஆளுங்க"ன்னு சுத்தி வளைச்சுக் கேட்டவங்களும் இருக்காங்க, அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். இவங்க "மட்டன் சமைப்போம் சார், மத்தது எதுவும் சொல்றதா இல்ல"ன்னு ஆரம்பத்துலயே சொல்லிடுறதுன்னு முடிவு பண்ணாங்க. அது சரியான முடிவுன்னு எனக்குத் தோணுது, நேரமாவது மிச்சம் ஆச்சு. ஆனா ஏரியா தேர்வுன்னு நாம பேசுறதுல ஒரு பகுதிய நமக்கு முன்னாடி வேற யாரோ முடிவு பண்ணிடுறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

வேளச்சேரி வீடு ஏன் கை நழுவுச்சு

கணவருக்கு ரொம்பப் புடிச்ச வீடு வேளச்சேரில கிடைச்சுது. தனி வீடு, கீழ் போர்ஷன் இவங்களுக்கு, மாடில ஓனர். வாடகை 22,000. தரைத் தளம்ங்கறதால அம்மாவுக்குப் படி பிரச்சனையே இல்ல. ரயில்வே ஸ்டேஷன் நடக்குற தூரம். அன்னைக்கே டோக்கன் குடுத்துடலாம்னு கணவர் கூகுள் பே திறந்துட்டார்.

அந்த நேரத்துல மனைவிதான் ஒண்ணு கவனிச்சாங்க. காம்பவுண்டு சுவத்துல இடுப்பு உயரம் வரைக்கும் பெயின்ட் புதுசு, அதுக்கு மேல பழசு. அதுக்கப்புறம் பாத்தா எல்லாமே கண்ணுல படுது, ஈபி மீட்டர் பெட்டி ஆள் உயரத்துக்கு மேல மாட்டியிருக்கு, பக்கத்து வீட்டு வாசல்ல வாஷிங் மெஷின் கல் மேடை கட்டி அதுக்கு மேல நிக்குது. ஓனர்கிட்ட கேட்டதுக்கு "நம்ம தெருல தண்ணி நிக்காது, மெயின் ரோட்லதான் நிக்கும்"னு சொன்னார். ஏப்ரல் வெயில்ல எல்லாத் தெருவும் மேடாத்தான் தெரியும், சும்மா பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது.

தெருமுனைல இஸ்திரி போடுற அண்ணன்கிட்ட ரெண்டு சட்டையக் குடுத்துட்டு நின்னு பேசினோம். "மிக்ஜாம் புயல் அப்ப இங்க எப்படிண்ணே இருந்துச்சு"ன்னு கேட்டதுக்கு அவர் யோசிக்கவே இல்ல, "நாலு நாள் கரென்ட் இல்ல சார், என் வண்டியவே அந்த ஸ்கூல் மேட்டுக்குத் தள்ளிட்டுப் போயிட்டேன், அந்த வீட்ல கீழ இருந்தவங்க பொங்கலுக்கு முன்னாடியே காலி பண்ணிட்டாங்க"ன்னார். நாங்க எந்த வீடுன்னே சொல்லல, அவரா கையக் காட்டினார்.

இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. வேளச்சேரி, பெரும்பாக்கம், பள்ளிக்கரணை எல்லாம் சதுப்பு நிலத்தைச் சுத்தி வந்த ஊருங்க. தென் சென்னை ஏரிங்க நிரம்பி வழியுற தண்ணி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, அங்க இருந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய் கோவளம் பக்கம் கடல்ல சேரணும். 2022ல ராம்சர்ங்குற சர்வதேச சதுப்பு நிலப் பட்டியல்ல சேந்தப்போ சதுப்பு நிலத்தோட பரப்பு 1,247.54 ஹெக்டேர்னு காட்டியிருக்காங்க, ஒரு காலத்துல அதை விடப் பல மடங்கு இருந்தது, மிச்சத்துல எல்லாம் இப்போ நம்ம வீடுங்கதான். கனமழை பெஞ்சு கடலும் அதை ஏத்துக்கலன்னா தண்ணி எங்க நிக்கும்னு தனியாச் சொல்ல வேண்டியதில்ல. அதுக்காக வேளச்சேரில எல்லாத் தெருவும் அப்படித்தான்னு இல்ல, மேடான தெரு நல்லாவே இருக்கு, அங்க தரைத் தள வாடகை இவங்க பட்ஜெட்ல இல்ல.

இங்கதான் பெரிய முடிச்சு. அம்மா முட்டிக்குத் தரைத் தளம் வேணும், மழைக்கு மாடி வேணும். ரெண்டும் வேணும்னா லிஃப்ட் இருக்குற, கீழ பார்க்கிங் விட்டுக் கட்டின ஃபிளாட்தான் வழி. இது புரிஞ்சதுக்கு அப்புறம் தேடுறது ரொம்ப சுலபமாச்சு, ப்ரோக்கர்கிட்ட ஒரே வரில சொல்ல முடிஞ்சுது.

எடுத்த முடிவு, அதுக்கான காரணம்

கடைசில எடுத்தது கிழக்குத் தாம்பரம் தாண்டி சேலையூர் கேம்ப் ரோடு பக்கம், பன்னெண்டு வீடு இருக்குற சின்ன பிளாக், முதல் மாடி, லிஃப்ட் உண்டு. வாடகை 17,000, மெயின்டனன்ஸ் 2,000. போர் தண்ணி டிடிஎஸ் 600 சொச்சம், அதுபோக கார்ப்பரேஷன் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள். தாம்பரத்துலயும் 2015ல முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு என்ன பண்ணிச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஆனா அது ரயில் லைனுக்கு அந்தப் பக்கம். இந்தத் தெருவைப் பத்தி எதிர் டீக்கடைலயும், பிளாக் வாட்ச்மேன்கிட்டயும், ரெண்டு வீடு தள்ளி இருந்த ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மாகிட்டயும் தனித்தனியா கேட்டோம். கணுக்கால் அளவு வரும், சாயங்காலத்துக்குள்ள வடிஞ்சிடும்னு மூணு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி சொன்னாங்க.

முடிவுக்குப் பின்னாடி இருந்த யோசனை இதுதான். எதெல்லாம் மாறும், எதெல்லாம் மாறாதுன்னு பிரிச்சாங்க. ஐடி வேலை மாறும், ப்ராஜெக்ட் மாறும், எத்தனை நாள் ஆபீஸ்ங்குறது ஒரு மெயில்ல மாறும். தெருவோட மேடு பள்ளம் மாறாது, நிலத்தடித் தண்ணி லேசுல மாறாது, ரயில் லைன் மாறாது, பையனை ஒரு ஸ்கூல்ல சேத்துட்டா அஞ்சாறு வருஷத்துக்கு அதுவும் மாறாது. மாறாததை வச்சு ஏரியா எடுப்போம், மாறுறதை அப்பப்போ சமாளிச்சுக்கலாம்னு முடிவு பண்ணாங்க. கணவருக்குத் தாம்பரத்துல இருந்து கிண்டி வரைக்கும் மின்சார ரயில், ரோட்ல என்ன நடந்தாலும் அவருக்குக் கவலை இல்ல. அம்மாவுக்குத் திருச்சி ரயில் தாம்பரத்துலயே நிக்கும், பஸ்ஸுன்னா கிளாம்பாக்கம் கிட்ட. ஸ்கூல் நடக்குற தூரம், ஏப்ரல் கடைசிலயும் அங்க சீட் இருந்துச்சு. மத்த ஏரியால கேட்ட ஸ்கூல் எல்லாம் ஜனவரிலயே அட்மிஷன் முடிச்சிருந்தாங்க.

மனைவிக்கு மட்டும்தான் தூரம். கேம்ப் ரோட்ல இருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் போய் சிறுசேரி, சுமாரா இருபத்தஞ்சு கிலோமீட்டர். கம்பெனி பஸ் கேம்ப் ரோட்ல நிக்குதுன்னு டிரான்ஸ்போர்ட் டெஸ்க்ல சொன்னாங்க, வாரத்துக்கு மூணு நாள்தானேன்னு அவங்க ஒத்துக்கிட்டாங்க. நாலு பேர்ல மூணு பேருக்கு வசதி, மொத்த சிரமமும் ஒருத்தர் தலைல, அதுவும் வீட்ல அதிகமா சம்பாதிக்கிறவங்க தலைல. இதை நான் அப்பவே சொன்னேன். "ஓட்டு போட்டா இப்படித்தாண்ணே வரும்"னு சிரிச்சாங்க.

அட்வான்ஸும் அக்ரிமென்டும்

ஓனர் அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் கேட்டார். சென்னைல பத்து மாச அட்வான்ஸ் பழைய வழக்கம், அந்தக் கணக்குக்குக் கிட்டத்தான். 2017ல வந்து 2019 பிப்ரவரில அமலான தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி மூணு மாச வாடகைக்கு மேல டெபாசிட் வாங்கக் கூடாது, ஆனா ரெண்டு தரப்பும் வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கிட்டா அது செல்லும்னு அதுலயே இடம் விட்டிருக்காங்க. அதனால சட்டத்தைக் காட்டி மிரட்ட முடியாது, பேசத்தான் முடியும். பேசி ஒரு லட்சத்துல முடிஞ்சுது. பதினோரு மாச அக்ரிமென்ட் எழுத்துல போட்டு, அதை வாடகை அதிகாரி கிட்ட பதிவு பண்ணணும்னு இவங்க கேட்டதுக்கு ஓனர் கொஞ்சம் தயங்கினார், "இதெல்லாம் யாரும் பண்றதில்லையே"ன்னார். செலவும் அலைச்சலும் எங்களோடதுன்னு சொன்னதும் சரின்னுட்டார். அட்வான்ஸை பேங்க் வழியா அனுப்பினாங்க, காலி பண்ணும்போது பெயின்டிங்குக்கு எவ்ளோ புடிப்பீங்கங்கறதையும் ஒரு மாச வாடகைன்னு அக்ரிமென்ட்லயே எழுதி வாங்கிட்டாங்க, அது நல்ல வேலை.

ஈபி விஷயம் மட்டும் விட்டுப் போச்சு. வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்குன்னு ஓனர் சொன்னார், இருந்துச்சு, ஆனா அது வாரியத்தோட மீட்டர் இல்ல, ஓனர் வீட்டு இணைப்புல இருந்து எடுத்த சப் மீட்டர். யூனிட்டுக்கு 9 ரூபா. வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்ங்கறது இவங்களுக்கு வரவே இல்ல. குடி வந்து முதல் பில் வந்தப்போதான் தெரிஞ்சுது.

அப்புறம் நடந்தது

அந்த வருஷம் ஸ்கூல் ஜூன் 10 திறந்தாங்க, அதுக்கு முந்தின வாரம் குடி வந்தாங்க. கணவருக்கும் பையனுக்கும் எந்தப் பிரச்சனையும் இல்ல. அம்மா ரெண்டு மாசத்துல அந்த பிளாக்ல எல்லாரையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டாங்க, டீச்சரம்மா கூட சாயங்காலம் நடக்கப் போறாங்க, முட்டி அப்படியேதான் இருக்கு, பேச்சுத் துணைக்குக் கொறச்சல் இல்ல.

மனைவியோட பயணம் நினைச்சதை விட மோசம். காலைல ஒரு மணி நேரம் சொச்சம், அது பரவாயில்ல. சாயங்காலம் ஆறரைக்கு சிப்காட்ல ஏறினா சோழிங்கநல்லூர் ஜங்ஷன் தாண்டவே முக்கால் மணி ஆகும், அங்க இருந்து மேடவாக்கம் வர்ற ரோட்ல மெட்ரோ தடுப்பு, வீடு வந்து சேர எட்டரை. வீடு பாக்குற சமயத்துல அந்த ரூட்ல நாங்க போனது எல்லாம் ஞாயித்துக்கிழமை காலைல.

ஆகஸ்ட்ல கேம்ப் ரோடு ஸ்டாப்பையே எடுத்துட்டாங்க. அங்க ஏறுறது மொத்தம் நாலஞ்சு பேர்தான், அதனால மேடவாக்கத்தோட சேத்துட்டோம்னு கம்பெனில சொல்லிட்டாங்க. கேம்ப் ரோட்ல இருந்து மேடவாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ, அங்க இருந்து பஸ். ராத்திரி மட்டும் கணவர் பைக்ல வந்து கூட்டிட்டுப் போவார்.

அக்டோபர் நடுவுல கனமழை. 15ஆம் தேதியை ஒட்டி ஸ்கூல் லீவு விட்டு, ஐடி கம்பெனிங்க வீட்ல இருந்தே வேலை பாக்கச் சொல்லணும்னு அரசு கேட்டுக்கிட்ட நேரம். வேளச்சேரி மேம்பாலத்து மேல ஜனங்க காரைக் கொண்டு போய் வரிசையா நிறுத்தின போட்டோ எல்லா சேனல்லயும் ஓடிச்சு. சேலையூர் தெருல சொன்ன மாதிரியே கணுக்கால் தண்ணி, சாயங்காலம் வடிஞ்சுது, கரென்ட் கொஞ்ச நேரம் போய் வந்துச்சு, அவ்ளோதான். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அன்னைக்கும் கிட்டத்தட்ட அதே கதை. வேளச்சேரில பாத்த வீட்ல என்ன ஆச்சுன்னு நாங்க போய்ப் பாக்கல, அதனால தப்பிச்சோம்னு எல்லாம் எழுத மாட்டேன்.

2025 ஜனவரில அடுத்த மெயில், வாரத்துக்கு அஞ்சு நாளும் ஆபீஸ். மாறுறது மாறும்னு சொல்லித்தானே எடுத்தாங்க, அது இவ்ளோ சீக்கிரம் இந்தப் பக்கமா மாறும்னு யாரும் எதிர்பாக்கல. ஒரு மாசம் முயற்சி பண்ணிப் பாத்துட்டு முதுகு வலின்னு டாக்டர்கிட்ட போனாங்க. வீட்ல அப்போ நல்ல சண்டை, அதைப் பத்தி நான் எழுதுறது முறையில்ல.

பதினோரு மாசம் முடியுற நேரம் வந்ததும் மறுபடி உக்காந்து பேசினாங்க. சோழிங்கநல்லூருக்கு மாறலாமான்னு ரெண்டு மூணு வீடு பாத்தாங்க, வாடகை 24,000ல ஆரம்பிக்குது, மெயின்டனன்ஸ் தனி, ஸ்கூல் மாத்தணும், புது ஸ்கூலுக்கு டொனேஷன், கணவருக்கு ரயில் போயிடும். இந்தத் தடவை ஷீட்ல முதல் வரிசையே மனைவியோட சாயங்கால நேரம்தான், அவங்களே சேத்தது. கடைசில வீட்டை மாத்தல, ஷிஃப்டை மாத்தினாங்க. மேனேஜர்கிட்ட பேசி காலைல ஏழுல இருந்து நாலு வரைக்கும் வாங்கிட்டாங்க. அந்த ஷிஃப்டுக்கு கம்பெனி கேப் வீட்டு வாசல்லயே வருது, காலைல அஞ்சே முக்காலுக்குக் கிளம்பணும், ஆனா சாயங்காலம் அஞ்சேகாலுக்கெல்லாம் வீட்ல இருக்காங்க. காலைல டிஃபன், பையனைக் கிளப்புறது எல்லாம் கணவர் பொறுப்புக்கு வந்துடுச்சு. வாடகை அஞ்சு சதவீதம் ஏறி 17,850.

மறுபடி செய்யறதா இருந்தா

அவங்க சொன்னதும் நான் பாத்ததும் சேத்து எழுதுறேன். டோக்கன் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை நாள் சாயங்காலம், ஆபீஸ் வாசல்ல இருந்து அந்த வீட்டு வாசல் வரைக்கும், தினமும் போகப் போற வண்டிலயே ஒரு தடவை போய்ப் பாத்துடணும். மேப் காட்டுற நேரம் பைக்குக்கோ காருக்கோ போட்ட நேரம், கம்பெனி பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பா நின்னு வரும்.

கம்பெனி பஸ் நிக்குதான்னு கேட்டா மட்டும் பத்தாது, அந்த ஸ்டாப்ல எத்தனை பேர் ஏறுறாங்கன்னு கேக்கணும். நாலு பேர் ஏறுற ஸ்டாப்பை நம்பி வீடு எடுத்தா அது உங்க கைல இல்ல. முப்பது பேர் ஏறுற இடம்னா அவ்ளோ சீக்கிரம் கை வைக்க மாட்டாங்க.

வெயில் காலத்துல வீடு தேடினா தண்ணிப் பஞ்சம் இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்துடலாம், குழாயைத் திறந்தா தெரிஞ்சிடும். மழையை மட்டும் அடுத்தவங்ககிட்ட கேட்டுத்தான் ஆகணும். ஓனர்கிட்டயும் ப்ரோக்கர்கிட்டயும் கேக்கறது வீண் வேலை, தெருல தினமும் நிக்கிற ஆளுங்ககிட்ட, ஒருத்தருக்கு ஒருத்தர் சம்பந்தமில்லாதவங்களா பாத்துக் கேக்கணும், மிக்ஜாம், 2015ன்னு மழையோட பேரைச் சொல்லிக் கேட்டா பதில் துல்லியமா வருது, "மழைத்தண்ணி நிக்குமா"ன்னு பொதுவாக் கேட்டா பொதுவாத்தான் வருது.

மீட்டர் பெட்டில ஈபி சர்வீஸ் நம்பர் இருக்கான்னு பாத்து, அந்த நம்பரோட போன பில்லைக் காட்டச் சொல்லணும். இவங்க ரெனியூவல் சமயத்துல தனி இணைப்பு கேட்டாங்க, ஓனர் பாக்கலாம்னு சொல்லியிருக்கார், இன்னும் வரல. பான் நம்பரும் அப்படித்தான், வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினா எச்ஆர்ஏ (சம்பளத்துல வர்ற வீட்டு வாடகைப் படிக்கான வரிச் சலுகை) காட்ட ஓனரோட பான் வேணும், அதை முதல் நாளே கேட்டு அக்ரிமென்ட்ல போட்டிருக்கணும். பின்னாடி கேட்டப்போ அவர் தரல, கணவர் எச்ஆர்ஏ சலுகையே இல்லாத புது வரி முறைக்கு மாறிக்கிட்டார்.

மேடவாக்கம் வழியா வர்ற மெட்ரோ சோழிங்கநல்லூர்ல சிறுசேரி லைனோட சேருது. அது ஓட ஆரம்பிச்சா மேடவாக்கம் வரைக்கும் ஆட்டோ, அங்க இருந்து மெட்ரோன்னு போய் பழைய ஷிஃப்டுக்கே திரும்பிடலாம்னு மனைவி சொல்றாங்க. அதுவரைக்கும் காலைல அஞ்சே முக்கால் கேப்தான்.